காவிக்கோடு போட்ட ஐஸ்

முதல் அடியை என் மகள் மங்கைதான் அடித்தாள்.

கடப்பாரையைத் தலைக்கு மேலே தூக்கி, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இறக்கினாள். என் ஐஸ் ஒரே அடியில் உடைகிற ஐஸ் இல்லை. கொஞ்சம் பொடி பறந்தது, அவ்வளவுதான். இரண்டாவது அடியில் விரிசல் விட்டது. காவிக் கோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு சுவர் வரைக்கும் ஓடி நின்றது.

அந்த ஐஸில் ஆடுகிற பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ரங்கூன் தாகேதாவில் என் ஐஸ் ஆலைக்குப் பின்பக்கக் கொட்டகை அது. வெளியே திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரத்து வெயில், தகரம் நெளிகிற வெயில். உள்ளே எங்கள் மூச்சு புகையாக வந்தது.

இந்தத் தொடரில் இதுவரை நான் ஜெயித்த கதைகளைத்தான் எழுதிவந்தேன். போன வாரம் கம்ப்ரசர் வாங்கின கதையைப் படித்துவிட்டு, தின்கன்ஜூனில் என் தெருக்காரர் ஒருவர் வழிமறித்து, பர்மிய மரியாதையோடு கேட்டார்: "ஊ காளி, உங்களுக்குத் தோத்த கதையே கிடையாதா?"

இருக்கிறது. இதுதான்.

ஐஸ்காரன் காளிமுத்து

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் ஐஸ் தூக்கினேன். முதுகில் சாக்கு, சாக்கின் மேல் பாளம். பபேடான் சந்துகளில் பலூடாக் கடைகளுக்குக் கொண்டுபோய் இறக்குவேன். போய்ச் சேரும்போது முதுகு மரத்துப்போயிருக்கும். கிள்ளினாலும் தெரியாது. இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்த இடம் தனியாக வலிக்கும். டாக்டர் நரம்பு என்கிறார். அது நரம்பு இல்லை, ஐஸ்.

முதுகிலிருந்து தள்ளுவண்டி, தள்ளுவண்டியிலிருந்து லாரி, லாரியிலிருந்து சொந்த ஆலை. இதையெல்லாம் முன்னாலேயே எழுதிவிட்டேன். ரங்கூனில் எந்தத் தமிழ்க் கல்யாணத்திலாவது நீங்கள் சில்லென்று சர்பத் குடித்திருந்தால் அதில் என் கை இருந்திருக்கும்.

ஆனால் கல்யாணத்தைவிடச் சாவுக்குத்தான் ஐஸ்காரனைத் தேடுவார்கள்.

எங்கள் ஜனத்தில் பிள்ளைகள் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறார்கள். மகன் சிங்கப்பூரிலிருந்து வரணும், மகள் மோல்மேனிலிருந்து வரணும். அதுவரைக்கும் படுத்திருக்கிறவர் பொறுத்திருக்கணும். குளிர்ப்பெட்டி என்று ஒன்று வாடகைக்கு வந்தது உண்மைதான். கரண்ட் போனால் அது வெறும் பெட்டி. அப்போது என் வாசலுக்குத்தான் வருவார்கள். வருகிறவர் நிற்கிற நிலையைப் பார்த்தே சாவு என்று எனக்குத் தெரிந்துவிடும். ஐஸ் என்று அவர் வாயால் கேட்க விடமாட்டேன். நானே பாளத்தை இறக்கச் சொல்லிவிடுவேன்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. பலகைக்குக் கீழே தகரத் தட்டு, தட்டில் பாளம், சந்துகளில் உமி. ஒரு மூலையில் தண்ணீர் வடிய ஓட்டை, ஓட்டைக்குக் கீழே வாளி. வாளியில் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அழுது களைத்த வீட்டில் அது ஒன்றுதான் சத்தம். பாளம் மாற்ற நானே நேரில் போவேன், ஆளை அனுப்பமாட்டேன். நான் ஐஸ் வைத்த எந்த வீட்டிலும், வரவேண்டிய பிள்ளை வருமுன் ஐஸ் தீர்ந்தது கிடையாது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

என் மனைவி சரஸ்வதி போனபோதும் அப்படித்தான். மங்கை அப்போது கனடாவில். விமானம் மாறி விமானம் மாறி வந்து சேர வேண்டும். சொந்தக்காரர்கள் எடுத்துவிடலாம் என்றார்கள். நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. நானே பாளம் அறுத்தேன், நானே உமி தள்ளினேன். மங்கை பெட்டியை வாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தபோது, அம்மா முகம் தூங்குகிற முகமாகவே இருந்தது. கன்னத்தைத் தொட்டுவிட்டு, "அப்பா, எனக்காகக் காத்திருந்தாங்களா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

முதுகில் என் பெயர்

அவளை நான் அனுப்பியது குளிர் இயந்திரம் படிக்க. எனக்குப் பிறகு ஆலையைப் பார்க்க ஒரு படித்த ஆள் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். படித்தாள், பட்டமும் வாங்கினாள். ஆனால் முதல் குளிர்காலத்திலேயே வேறொன்றில் விழுந்துவிட்டாள்.

ஐஸ் ஹாக்கி. இங்கே பள்ளிக்கூடத்தில் அவள் புல்தரையில் ஹாக்கி ஆடியவள்தான். அங்கே போனால் அதே ஆட்டத்தை உறைந்த தரையில், காலில் கத்தி வைத்த சப்பாத்தைக் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். பந்துக்குப் பதில் ஒரு ரப்பர் வட்டு. போன் பண்ணிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஐஸ் மேல நடக்கவே மனுஷன் பயப்படணும், நீ ஓடறியா என்று கேட்டேன். "இன்னும் ஓடலப்பா, விழுந்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

அங்கே பால்குடி மறந்த பிள்ளைகள்கூட அதில் பறக்குமாம். இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். காலேஜ் அணியில் சேர்த்தும், ரொம்ப நாள் ஓரப் பெஞ்சில் உட்கார்த்தி வைத்தார்கள். பிறகு தடுப்பு ஆட்டக்காரி ஆனாள். எதிரி வட்டைக் கொண்டுவரும்போது குறுக்கே போய் நிற்கிற வேலை. அது அவளுக்குச் சரியாகப் பொருந்தியது. சின்ன வயதிலிருந்தே எனக்குக் குறுக்கே நின்று பழகியவள்.

அவள் ஆடிய ஓர் ஆட்டத்தின் வீடியோவை என் போனில் வைத்திருக்கிறேன். வெள்ளைக்காரப் பெண்களுக்கு நடுவே எது என் மகள் என்று தெரியாது, எல்லாருக்கும் இரும்புத் தொப்பி. ஆனால் முதுகில் குடும்பப் பெயர் எழுதுவார்கள். எனக்கு இங்கிலீஷ் வராது. என் பெயர் எழுதியிருக்கிற வடிவம் மட்டும் தெரியும், லாரியில் எழுதி வைத்திருந்தேனே. அந்த வடிவம் ஐஸ் மேல் பறந்து போகிறது. காளிமுத்து. கோயிலில், டீக்கடையில், கண் ஆஸ்பத்திரி வரிசையில் காட்டாத ஆள் இல்லை.

கடைசி வருஷம் தோள்பட்டை முறிந்தது. ஆட்டம் போயிற்று. அவளை வளர்த்த வெள்ளைக்காரக் கோச்சம்மா விடவில்லை. சின்னப் பெண்களுக்குச் சொல்லிக்கொடு என்று தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அப்படித்தான் என் மகள் கோச் ஆனாள். அந்தச் சமயத்தில்தான் சரஸ்வதி போனாள்.

கருமாதி முடிந்தும் மங்கை திரும்பிப் போகவில்லை. அப்போது ஊரில் ஒரு பெரிய கடை வளாகத்தில் சறுக்குத் தளம் ஒன்று இருந்தது. அங்கே போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தாள். பர்மியப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள். எல்லாருக்கும் அவள் சயாமா, டீச்சரம்மா. இரண்டு அணியாகப் பிரிந்து ஆடுகிற அளவுக்குக் கூட்டம் இருந்தது. அம்மா போன பிறகு மங்கை மறுபடி சிரித்தது அப்போதுதான்.

பிறகு ஊர் மாறியது. எப்படி என்று உங்களுக்குத் தெரியும், நான் எழுத வேண்டியதில்லை. கரண்ட் இல்லாமல் அந்தத் தளத்தை மூடினார்கள். பட்டாளத்துக்குக் கட்டாயமாகப் பேர் எடுக்கிற வயதில் இருந்த பையன்கள் முதலில் காணாமல் போனார்கள். இந்த வாரம் ஆட வந்தவன் அடுத்த வாரம் வரமாட்டான். கொஞ்ச நாள் கழித்துத் தாய்லாந்திலிருந்து போன் வரும். மங்கை ஒவ்வொருவனிடமும், சப்பாத்தைக் கொண்டுபோனாயா என்று மட்டும் கேட்பாள். மிஞ்சியது பெரும்பாலும் பெண்பிள்ளைகள். அவர்களுக்கு ஐஸ் இல்லை.

ஐஸ் இல்லை என்று என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் மகள் சொல்கிறாள். என்னால் தாங்க முடியுமா?

வெந்நீர் ஊற்றியது

பின்பக்கக் கொட்டகையைக் காலி பண்ணினேன். சுவருக்கு உமி அடைத்து, தரையில் மணல் பரப்பி, மணலுக்குள் குழாய் ஓட்டி, பாளம் உறையவைக்கிற குளிர்ந்த உப்புத் தண்ணீரை அந்தக் குழாயில் சுற்றவிட்டேன். எந்தப் பொறியாளரையும் கூப்பிடவில்லை. கல்யாண மண்டபத்தில் பாதி அளவு இருக்கும்.

மங்கை அப்போது ஏதோ வேலையாக மண்டலைக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் முடித்து அசத்திவிடணும் என்று நானே தண்ணீர் விட்டேன். பாளத்துக்கு எப்படி விடுவோமோ அப்படி, கணுக்கால் ஆழத்துக்கு, ஒரே மூச்சில். மேலே உறைந்தது, நடுவில் வெள்ளை பாய்ந்தது. பிறகு துப்பாக்கி மாதிரி வெடிக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அவள் வந்து பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அதை எல்லாம் கொத்தி எடுக்க வைத்தாள். பிறகு சாக்கைக் கோலில் கட்டி, வெந்நீரில் முக்கி, தரையைத் துடைக்கிற மாதிரி இழுத்தாள். ஐஸுக்கு வெந்நீர்! இத்தனை வருஷத் தொழிலில் நான் கேள்விப்படாத அநியாயம். சுடுதண்ணீரில் காற்று இருக்காது, கண்ணாடி மாதிரி உறையும் என்றாள். ஒரு பூச்சு உறைந்ததும் அடுத்த பூச்சு. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சாக்கோடு வந்துவிட்டார்கள். வாரக்கணக்கில் பூசினார்கள். இரண்டு விரல் கனம் வந்தது. நான் கையால் தட்டிப் பார்த்தேன். ஐஸ்காரனுக்குக் கை தெரியும். அப்படி ஒரு ஐஸ் நான் போட்டதே இல்லை.

அதற்கு முன்பே, அடிப் பூச்சில் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்கியிருந்தாள். அதன் மேல் கோடு போட வேண்டும், நடுக்கோடு சிவப்பு. கனடாவில் இதற்கென்று வர்ணம் விற்கிறதாம். இங்கே கோயில் மதிலுக்குப் பட்டை அடித்த காவி ஒரு டின் மிச்சம் இருந்தது. அதையே கரைத்துக் கொடுத்தேன். இரண்டு பூச்சுக்கு நடுவே மங்கை முழங்காலில் நின்று இழுத்தாள். வெள்ளையும் காவியுமாகப் பார்த்தபோது கோயில் சுவரைப் படுக்கப் போட்ட மாதிரி இருந்தது. பிள்ளைகளில் இரண்டு பேர் ஏறுமுன் தொட்டுக் கும்பிட்டார்கள். மங்கை தடுக்கவில்லை.

வலைக்கு முன்னால் சுந்தரி

அந்தப் பிள்ளைகளில் சுந்தரி ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் பர்மியப் பெயர், சூ சூ. தாகேதாவிலேயே வீடு. அம்மா நாகம்மா ஆலைத் தெருமுனையில் காலையில் அப்பம் சுட்டு விற்பாள். அப்பா இல்லை. அண்ணன் கணேசன் காட்டு வழியாக மலேசியா போனவன், அங்கே கட்டட வேலை. வாரம் ஒரு தடவை போன் பண்ணுவான். தங்கச்சி ஐஸில் ஆடுகிறாள் என்று கேள்விப்பட்டு, "பொம்பளப் பிள்ளை மீன் மாதிரி ஐஸ்ல கிடக்குறதுக்கு அம்மா காசு கட்டுதா" என்று கேலி பண்ணினானாம். நாகம்மா காசு ஒன்றும் கட்டவில்லை. அப்பம்தான் அனுப்புவாள், பிள்ளைகள் எல்லாருக்கும்.

சுந்தரிக்குக் கோல் வலை காக்கிற வேலை. பர்மிய மெத்தைப் பஞ்சை வைத்துத் தைத்த காப்புகளைக் காலில் கட்டிக்கொண்டு நிற்பாள். வட்டு எங்கிருந்து வந்தாலும் அவள் கை அங்கே முன்னாடியே போயிருக்கும். அடித்தவள் மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு அழுவாள். நான் உமி மூட்டை மேல் உட்கார்ந்து பார்ப்பேன். இவளை நான் கனடாவுக்கு அனுப்புகிறேனா இல்லையா பாருங்க என்று மங்கை ஒரு நாள் என்னிடம் சொன்னாள். அவள் யாரைப் பற்றியும் அப்படிச் சொன்னதில்லை.

சொன்னபடி பழைய கோச்சம்மாவிடம் பேசினாள். காலேஜில் வலை காக்கிற பெண்ணுக்கு ஒரு இடம் இருந்தது, படிப்பும் சேர்த்து. அந்தம்மா கேட்டது ஒன்றே ஒன்று. அந்தப் பெண் ஐஸ் மேல் நின்று தடுப்பதைப் படம் பிடித்து அனுப்பு, இந்த மாதம் முடியுமுன் அனுப்பு. 

அந்தச் சமயம் பார்த்து என் கம்ப்ரசர் நின்றது.

கரண்ட் வருவதே பெரும்பாடு. வந்தால் தெருப் பிள்ளைகள் "மீ லாபீ" என்று கத்தும், விளக்கு வந்திடுச்சு என்று. அந்தச் சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போய் இயந்திரத்தைத் தட்டிவிடுவோம். அப்படித் தட்டிப் போட்டு, நின்று, தட்டிப் போட்டு, உள்ளே தண்டு உடைந்தது. சாமான் மண்டலையிலிருந்து வர வேண்டும், வழியில் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. டீசலும் இல்லை. இது கரைந்தால் மறுபடி உறையவைக்க வழி கிடையாது. பிளாஸ்டிக் விரித்து, சாக்கு போட்டு, மேலே உமியைக் கொட்டிப் பொத்தி வைத்தேன். ஓரமெல்லாம் கரைந்தது. வலையிலிருந்து நடுக்கோடு வரை, ஒரு வீட்டுக் கூடம் அளவுக்குத்தான் மிஞ்சியது. படம் பிடிக்க அது போதும் என்றாள் மங்கை. சனிக்கிழமை காலையில் உமியை வாருவது, ஒரு மணி நேரம் ஆடுவது, அனுப்புவது. இப்படித் திட்டம்.

வெள்ளிக்கிழமை காலையில் நாகம்மா அப்பக்கல்லுக்கு முன்னாலேயே சாய்ந்துவிட்டாள்.

மாமா வந்து நின்றார்

நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து பிணமாகத்தான் கொண்டுவந்தார்கள். மத்தியானம் சுந்தரியின் தாய்மாமன் என் ஆலை வாசலில் வந்து நின்றார், சுந்தரி அவருக்குப் பின்னால். அவர் நின்ற நிலை எனக்குத் தெரிந்த நிலை. ஆனால் அன்றைக்கு ஒருத்தனையும் கூப்பிட்டுப் பாளத்தை இறக்கு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பாளம் ஏது?

கணேசனுக்குப் போன் போயிருந்தது. டிக்கெட் பார்த்துவிட்டேன், நான் வருகிறேன், அம்மாவை வைத்திருங்கள் என்று கதறியிருக்கிறான். தெரிந்த ஆலைக்கெல்லாம் நான் போன் போட்டேன். எல்லாம் எங்களை மாதிரியே படுத்துக் கிடந்தது, திருவிழா விடுமுறை வேறு. குளிர் அறை எதிலும் இடம் இல்லை. அந்த வெயிலில் உடம்பு பொழுது சாயும்வரைகூடத் தாங்காது.

மாமா தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்: "பின்னாடி பிள்ளைங்க ஆடுற ஐஸ் கொஞ்சம் இருக்குன்னாங்க..."

பாதியை எடுத்துக்கொள்ளலாமா என்று கணக்குப் போட்டேன். இரண்டு விரல் கனத் தகட்டுக்குப் பாளத்தின் ஆயுள் கிடையாது. மலேசியாவிலிருந்து ஒருவன் வந்து சேரும்வரை தாங்க வேண்டுமென்றால் தரை மொத்தமும் வேண்டும்.

மங்கையைத் தனியே இழுத்துப் போனேன். உடைக்கத்தானே போகிறோம், அதற்கு முன் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையை நிற்கவைத்துப் படத்தை எடுத்துவிடலாமே, இரண்டு வேலையும் ஆகும் என்றேன். நான் மோசமானவன் இல்லை, தொழில்காரன். இருக்கிற ஐஸில் இரண்டு வேலை பார்க்கத் தெரிந்தவன்.

"அவ கண்ணு இன்னிக்கு வட்டைப் பாக்காதுப்பா" என்றாள் மங்கை.

"பாக்கலன்னா போவுது. முயற்சி பண்றதுல என்ன?"

பின்னால் சுந்தரி வந்து நின்றதை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"நான் நிக்கிறேன் சயாமா" என்றாள். முகத்தில் அழுத தடம்கூட இல்லை. "ஒரு மணி நேரம்தானே. அம்மா பொறுத்துக்குவாங்க. அண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம்."

சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய் மூலையில் கிடந்த காப்பை எடுத்துக் காலில் கட்ட ஆரம்பித்தாள். அங்கே இருந்த மற்றப் பிள்ளைகள், சயாமா சொல்லிவிட்டாள் போல என்று நினைத்து உமியை வாரிவிட்டார்கள். சாக்கை இழுத்தார்கள். ஐஸ் அப்படியே இருந்தது, கண்ணாடி மாதிரி, காவிக் கோட்டோடு. ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுந்தரி இரண்டாவது காலுக்கு வாரை இழுத்துக்கொண்டிருந்தாள். மங்கை சுவரோரம் போய்க் கடப்பாரையை எடுத்தாள்.

மீதி முதலிலேயே சொன்னதுதான்.

சைக்காவில் போனது

நான் கத்தினேன். இரண்டாவது அடிக்குப் பிறகும் கத்தினேன், அந்தப் பிள்ளையே சரி என்றாளே, அவள் தலையில் ஏன் மண்ணைப் போடுகிறாய் என்று. மங்கை திரும்பிப் பார்க்கவில்லை. சுந்தரி காலில் ஒரு காப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு அதை அவிழ்த்தாள். எழுந்து வந்து அவளும் ஒரு ஐஸ் ஊசியை எடுத்துக் கொத்த ஆரம்பித்தாள். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். தாங்கள் வாரக்கணக்கில் பூசியதை அரை மணியில் உடைத்தார்கள்.

துண்டுகளைச் சாக்கில் சுற்றி, வாடகைக்குப் பிடித்த மூன்று சக்கரச் சைக்காக்களில் ஏற்றினோம். தெருமுனையில் நாகம்மாவின் அப்பக்கல் இன்னும் அங்கேயே இருந்தது, துணி போட்டு மூடி. சுந்தரி இன்றைக்கு அதே இடத்தில் உட்கார்ந்து அப்பம் சுடுகிறாள். நான் காலையில் வாங்கப் போவேன். கை இன்னும் அப்படித்தான். கரண்டி நழுவினால் தரையைத் தொடுமுன் பிடித்துவிடுகிறாள். அதைப் பார்க்கும்போது என்னால் அங்கே நிற்க முடிவதில்லை.

போகிற வழியில் சைக்கா ஓரமாக நடந்துகொண்டே மங்கை ஒன்று சொன்னாள். "ஒரு மணி நேரம் நின்னிருந்தா, அவ கடைசிவரைக்கும் அந்த ஒரு மணி நேரத்துலேயே நின்னுக்கிட்டு இருப்பாப்பா. எனக்காக அம்மா காத்திருந்தப்போ நீங்க இரண்டு வேலை பாக்கலியே."

இன்றைக்கு வரைக்கும் யார் செய்தது சரி என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். கோச்சம்மா அந்த மாதக் கடைசிவரை பொறுத்துப் பார்த்தார். பிறகு வேறு ஒரு பெண்ணுக்கு அந்த இடம் போயிற்று.

"அது என்ன சிவப்பு?"

நானே அடுக்கினேன். தகரத் தட்டு, தகடு, உமி, தகடு. நாகம்மாவை மேலே படுக்கவைத்தோம். வாளியில் சொட்ட ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் பெண்கள் பக்கம் ஒரு அலறல். வாளியில் விழுகிற தண்ணீர் சிவப்பாக இருந்தது. ரத்தம் என்று ஒருத்தி மயங்கி விழுந்தாள். மங்கை போய் வாளியில் கையை விட்டு எடுத்துக் காட்டினாள், கோயில் காவி என்று. அதற்குமேல் விளக்கம் சொல்ல யாருக்கும் தெம்பில்லை.

கணேசன் வருகிற நேரம் என்று சொன்ன நேரம் தாண்டியது. போன் அணைந்திருந்தது. மாமா விமான நிலையத்து வாசலில் போய் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தார். அதற்கு அடுத்த நாள் காலையில்தான் கணேசன் கூப்பிட்டான். கோலாலம்பூரிலேயே இருந்தான். விமானம் ஏறப் போனவனைக் கூட்டாளிகள் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அவன் வயதுக்கு இங்கே இறங்கினால் வீட்டுக்கு வரமாட்டான், பட்டாளத்துக்குத்தான் போவான் என்று.

முகத்தைக் காட்டு என்றான். சுந்தரி போனை அம்மா முகத்துக்கு மேலே பிடித்தாள். கை ஆடவே இல்லை. அவன் அழுது முடிக்கிறவரை பிடித்திருந்தாள். பிறகு மெல்லக் கீழே இறக்கி, மாலையை, கையை, காலைக் காட்டினாள்.

"அது என்ன சிவப்பு? அம்மாவுக்குக் கீழ?"

"நடுக்கோடு அண்ணே" என்றாள் சுந்தரி. "நான் ஆடுன ஐஸ்."

மாமாவிடம் கொடு என்றான். எடுத்துடுங்க மாமா என்றான்.

சுந்தரிதான் கொள்ளி வைத்தாள். பெரியவர்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். மாமா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டார்கள்.

மயானத்திலிருந்து வந்து பலகையைத் தூக்கினபோது, தட்டில் இன்னும் ஐஸ் இருந்தது. உள்ளங்கை அகலத்தில் காவிக்கோடு ஓடிய ஒரு துண்டு. இன்னும் ஒரு பொழுது வைத்திருக்கலாம் போல என்று மாமா சொன்னார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? ஐஸ் இருந்தது. ஆள்தான் வரவில்லை.

சாவு வீட்டு ஐஸை உள்ளே வைக்கக் கூடாது. மங்கை அந்தத் துண்டைச் சாக்கில் எடுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வெயிலில் வைத்தாள். பக்கத்திலேயே நின்றாள். வா, குளித்துவிட்டு வா என்று கூப்பிட்டேன், வரவில்லை. சிவப்புத் தண்ணீர் ஓடி வந்து அவள் காலைத் தொட்டது, நகரவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

கரைந்து முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. நல்ல ஐஸ்.